ஒரு வருடச் சீட்டுக்காசில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். என் கணவருக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல். வயலில் வேலை இல்லாத நாட்களில் மேசன் வேலைக்குப் போவார். இரண்டு பேரின் உழைப்பிலும் வீட்டுச் செலவு, பிள்ளைகளின் ரியூசன், மாமியின் மருந்து எல்லாம் நடக்கும். அதற்கு மேல் பெரிதாக மிஞ்சாது. ஆனாலும் நாங்கள் நல்ல ஹோட்டலில் போய்த் தங்குகிறோம். கடன் வாங்குவதில்லை, நகை அடகு வைப்பதில்லை. எப்படி என்று சங்கத்துக்கு வருகிற பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வான் பிடித்து, பதினைந்து பேர் ஏறி, கோயில் மடத்தில் படுத்து, வழியில் சமைத்துச் சாப்பிட்டு வருகிற சுற்றுலா எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது நல்ல பயணம்தான், அதைப் பற்றி நான் எழுதவில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், நீச்சல் தடாகம், யாரோ சமைத்து வைத்திருக்க நாங்கள் எடுத்துச் சாப்பிடுகிற மேசை, ஒரு முழுநாள் ஒரு வேலையும் செய்யாமல் இருப்பது: இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் மாமி முழங்காவில், தருமபுரம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் என்று எத்தனையோ ஊர் பார்த்தவர். எல்லாம் இடம்பெயர்ந்து பார்த்த ஊர்கள். சும்மா இருப்பதற்கென்று ஓர் ஊருக்குப் போனதே இல்லை. அதனால் ‘எங்கட சனத்துக்கு உதெல்லாம் எதுக்கு’ என்று யாராவது சொன்னால் நான் ஏற்றுக்கொள்வதில்லை. எங்களுக்கும் அது வேண்டும். காசுக்கு வழி செய்தால் போகலாம்.

வழி இதுதான். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் பிடித்து நடுத்தரமான மூன்று நாட்களை வாங்காதீர்கள். ஒரேயொரு இரவை மிக நல்ல இடத்தில் எடுங்கள். மற்றதெல்லாம் எங்கள் வழமையான கணக்கில் நடக்கட்டும். பஸ்ஸில் போங்கள், பார்சல் சாப்பிடுங்கள், முதல் இரவு சாதாரண விடுதியில் படுங்கள். காசு முழுவதும் அந்த ஒரு இரவில் போய் நிற்க வேண்டும்.

காசைச் சேர்ப்பது

பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் பத்தாயிரம் ரூபா கட்டும் சீட்டு என்றால், உங்கள் முறை வரும்போது 120,000 ரூபா கையில் வரும். ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு அது போதும். பத்தாயிரம் முடியாவிட்டால் ஐயாயிரம் ரூபாச் சீட்டில் சேருங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போகலாம். குலுக்கி எடுக்கும் சீட்டாகப் பாருங்கள். ஏலத்தில் கழித்து எடுக்கும் சீட்டில் அவசரப்பட்டு எடுத்தால் தொகை குறைந்துவிடும். சுற்றுலாவுக்கு அவசரம் கிடையாது. தெரிந்த ஆட்கள் மட்டும் இருக்கிற, வருடக்கணக்காக நடக்கிற சீட்டில்தான் சேர வேண்டும்.

சீட்டுப் பிடிக்காதென்றால் வங்கியில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறவுங்கள். வீட்டுச் செலவுக்கான கணக்கிலேயே இந்தக் காசையும் போட்டு வைத்தால் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் கரையும், சாமத்திய வீடு வந்தாலும் கரையும். நெல் விற்ற காசை நான் இதில் சேர்ப்பதில்லை. அது அடுத்த போகத்துக்கு விதை, உரம், உழவுக்கூலி என்று போகும் காசு. அதில் கைவைத்தால் அடுத்த வருடம் கடைக்காரனிடம் கடனுக்கு நிற்க வேண்டும்.

நுண்கடன் எடுத்துப் போகவே கூடாது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற கடனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஒரு இரவு நித்திரைக்காக ஒரு வருட நித்திரையை விற்க வேண்டாம்.

எப்போது போவது

இதில்தான் வயற்காரர்களாகிய எங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஹோட்டல்கள் நிரம்பி வழிகிற காலமும் எங்கள் கை ஓய்கிற காலமும் ஒன்றல்ல.

தெற்கிலும் மேற்கிலும் உள்ள கடற்கரை ஹோட்டல்களுக்கு மார்கழி தொடங்கி பங்குனி வரை வெளிநாட்டுச் சனம் வரும். திருகோணமலை, பாசிக்குடாப் பக்கம் ஆடி, ஆவணியில் நிரம்பும். நுவரெலியா சித்திரை மாதம் முழுக்கத் திருவிழாபோல இருக்கும், விலையும் அப்படித்தான். தம்புள்ளை, சிகிரியாப் பக்கம் மார்கழியிலிருந்து பங்குனி வரை ஒரு கூட்டம். பிறகு ஆடி, ஆவணியில் மின்னேரியாவுக்கு யானை பார்க்க வருகிறவர்களால் இன்னொரு கூட்டம்.

நாங்கள் காலபோக (பெரும்போக) நெல் வெட்டு முடிந்து பங்குனியில் கொஞ்சம் மூச்சு விடுவோம். சிறுபோகம் செய்யாத வருடமென்றால் வைகாசி, ஆனி இரண்டு மாதமும் கை ஓய்வு. சிறுபோகம் செய்தால் ஆவணியில் வெட்டி, புரட்டாதியில் மழைக்கு முன் ஒரு இடைவெளி கிடைக்கும். வைகாசி, ஆனி, புரட்டாதி ஆகிய இந்த மாதங்களில்தான் நல்ல ஹோட்டல்கள் பல அறைகளைக் குறைந்த விலைக்குக் கொடுக்கின்றன. வங்கி அட்டைகளுக்கு அறிவிக்கிற தள்ளுபடிகளும் பெரும்பாலும் இந்த நாட்களுக்குத்தான் வரும்.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். வெள்ளி, சனி இரவுகளில் கொழும்புக்காரர்கள் காரில் வந்து நிரப்பிவிடுவார்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறையோடு ஒட்டி வருகிற நீண்ட விடுமுறை இன்னும் மோசம். அதே அறை ஞாயிறு இரவிலிருந்து வியாழன் இரவு வரை விலை இறங்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைத் திகதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அந்த வருட அட்டவணை வந்தவுடனேயே விடுமுறையில் விழுகிற திங்கள், செவ்வாய்க்கிழமைகளைக் குறித்து வையுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கள் பக்கம் மழை. அந்த நாட்களில் போவதாக இருந்தால் காசு திரும்பி வராத பதிவைச் செய்யவே வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வீதிகளும் ரயில் பாதைகளும் என்ன ஆனதென்று பார்த்தோமே.

விலையைக் கேட்பது

இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். காசு மிஞ்சுவதும் போவதும் இங்கேதான்.

இலங்கையில் நல்ல ஹோட்டல்கள் இரண்டு விலை வைத்திருக்கும். வெளிநாட்டவருக்கு டொலரில் ஒன்று, இங்கே வசிக்கிறவர்களுக்கு ரூபாவில் ஒன்று. ரூபா விலை பல இடங்களில் நன்றாகவே குறைவு. இணையத்தில் அறை பதிகிற தளங்களில் முதலில் கண்ணில் படுவது அநேகமாக டொலர் விலைதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் சனம் ‘ஐயோ, லட்சக்கணக்கில் கேட்கிறான்’ என்று போனை வைத்துவிடுகிறது. ஹோட்டலுக்கே நேரடியாக அழைத்து, ‘தேசிய அடையாள அட்டை இருக்கிறது, இலங்கையருக்கான விலை என்ன’ என்று கேளுங்கள். போகும்போது பெரியவர்கள் எல்லாரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். பதியும்போது பார்ப்பார்கள்.

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற அண்ணன், ‘நீங்கள் கஷ்டப்படாதீர்கள், நான் இங்கேயிருந்து பதிந்து தருகிறேன்’ என்று சொன்னால் அன்போடு நிறுத்துங்கள். அவர் அங்கேயிருந்து பதிந்தால் டொலர் விலைதான் வரும். அவர் தர நினைக்கிற காசை உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும், நீங்கள் இங்கேயிருந்து ரூபா விலையில் பதியலாம். ஆனால் அவரும் உங்களோடு வந்து தங்குகிறார், கையில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருடைய அறைக்கு வேறு விலை கேட்கக்கூடும். வாசலில் வைத்து வாக்குவாதப்படுகிற நிலை வரக்கூடாது.

அடுத்தது, விலைக்குப் பின்னால் வருகிற ‘++’. இதை ‘பிளஸ் பிளஸ்’ என்று சொல்வார்கள். சேவைக் கட்டணமும் வரியும் சேர்க்காத விலை என்று அர்த்தம். சேவைக் கட்டணம் 10 வீதம். அதையும் கூட்டி வந்த தொகைக்கு மேல் வற் (பெறுமதி சேர்) வரி. அது 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். 40,000++ என்றால் முதலில் 44,000, அதற்கு மேல் 18 வீதம் சேர்ந்து 51,920. நாற்பதாயிரம் என்று நினைத்துப் போனவருக்குப் பன்னிரண்டாயிரம் ரூபா கையைக் கடிக்கும். வேறு சில சிறு வரிகளையும் சில ஹோட்டல்கள் சேர்க்கும். அதனால் ‘எல்லா வரியும் சேர்த்துக் கடைசியாக நான் கையில் கொடுக்கிற தொகை எவ்வளவு’ என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்குங்கள்.

அறையோடு என்னென்ன சாப்பாடு வருகிறது என்பதும் விலையை மாற்றும். வெறும் அறை, காலைச் சாப்பாட்டோடு அறை, இரவும் காலையும் சேர்ந்த ‘ஹாஃப் போர்ட்’, மூன்று நேரமும் சேர்ந்த ‘ஃபுல் போர்ட்’ என்று வகைகள் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு ஹாஃப் போர்ட்தான் சரி. வெறும் அறையை எடுத்துவிட்டு உள்ளே சாப்பாட்டை வாங்கப் போனால் ஒரு கொத்துரொட்டிக்கும் ஒரு தேத்தண்ணிக்கும் வெளியே கொடுப்பதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். வெளியே வந்து சாப்பிடலாமென்றால் பெரிய ஹோட்டல்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கும், ஓட்டோக் கூலி போய்விடும். ஹாஃப் போர்ட் எடுத்தால் இரவும் அடுத்த நாள் காலையும் வயிறு நிறைய நல்ல சாப்பாடு. அந்தக் காலைச் சாப்பாட்டைக் கொஞ்சம் பிந்திச் சாப்பிட்டால் மத்தியானம் ஒரு வாழைப்பழத்தோடு முடிந்துவிடும்.

பிள்ளைகளின் வயதையும் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் ஆறு வயதுக்குக் கீழே பெற்றோரோடு படுத்தால் காசில்லை, பன்னிரண்டுக்குக் கீழே பாதி. எல்லை எது என்று ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். எங்கள் மூத்தவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஐந்து. மாமியும் வருவதால் மூன்று பேருக்கான அறையில் ஒரு மேலதிகக் கட்டில் போட முடியுமா என்று கேட்போம். இரண்டு அறை எடுப்பதைவிட அது நல்ல மலிவு. ‘இந்தக் கிழமையில் எந்த நாள் மலிவு’ என்ற கேள்வியை விடாமல் கேளுங்கள். பதிவுப் பகுதியில் இருக்கிற பிள்ளைகள் நல்ல மாதிரிப் பதில் சொல்வார்கள். சிங்களமோ ஆங்கிலமோ தெரியாவிட்டால் தமிழ் கதைக்கிற ஒருவரைக் கேளுங்கள். பெரிய ஹோட்டல்களில் பெரும்பாலும் ஒருவராவது இருப்பார்.

காசு அனுப்பும்போது கணக்கின் பெயரைப் பாருங்கள். ஹோட்டலின் அல்லது அதன் கம்பனியின் பெயர் இருக்க வேண்டும். தனி ஆளின் பெயர் இருந்தால் அனுப்பாதீர்கள். ஹோட்டலின் படத்தைப் போட்டு முகநூலில் போலிப் பக்கம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தொலைபேசி இலக்கத்தை ஹோட்டலின் சொந்த இணையத்தளத்திலிருந்து எடுங்கள்.

எங்கே போவது

கிளிநொச்சியிலிருந்து போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது தம்புள்ளை. காரணம் ஏ9 வீதி. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகிற பஸ் கிளிநொச்சியால் வந்து, நேரே தம்புள்ளையில் இறக்கிவிடும். ஏறக்குறைய 180 கிலோமீட்டர். பஸ் மாறத் தேவையில்லை. விடிய வெளிக்கிட்டால் மத்தியானத்துக்குள் போய்விடலாம்.

அங்கே கண்டலமைக் குளக்கரையில் ஹெரிட்டன்ஸ் கண்டலம ஹோட்டல் இருக்கிறது. ஜெஃப்ரி பாவா என்ற இலங்கைக் கட்டடக் கலைஞர் 1990களில் வடிவமைத்தது. மலைப்பாறையை உடைக்காமல் அதன் ஓரமாகவே நீளமாகக் கட்டியிருக்கிறார். உள்ளே நடக்கும்போது பாறை அப்படியே வந்து நிற்கும். வெளியே கட்டடம் தெரியாத அளவுக்குக் கொடி படர்ந்திருக்கும். மேசன் வேலை செய்கிறவர் என்பதால் என் கணவர் ஒவ்வொரு தூணையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாறைக்கும் தரைக்கும் நடுவில் தண்ணீர் ஓட இடம் விட்டிருப்பதை எனக்குக் காட்டினார். போகுமுன் மாமி, ‘பிள்ளை, குளம் பார்க்கவோ இவ்வளவு காசு? இரணைமடு பக்கத்திலதானே கிடக்கு’ என்றவர். இரணைமடுவில் நாங்கள் தண்ணீர் மட்டம் எத்தனை அடி என்றுதான் பார்ப்போம். அங்கே குளத்தைக் குளமாகவே பார்த்துக்கொண்டு இருக்கலாம். மாமி பின்னேரம் முழுக்கக் கதிரையைவிட்டு எழும்பவில்லை. ஆனால் குரங்குகள் கவனம். யன்னலையும் மாடிக் கதவையும் கொழுவி போட்டுப் பூட்ட வேண்டும், பிஸ்கட்டை வெளியே வைக்கக் கூடாது.

அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால் தம்புள்ளை, ஹபரணை, சிகிரியாவைச் சுற்றி நான்கு நட்சத்திர ஹோட்டல்கள் பல உண்டு. தடாகமும் தோட்டமும் உள்ள ஒன்றைப் பாருங்கள்.

வவுனியாவில் இருப்பவர்களுக்குத் திருகோணமலை நல்லது. ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் பெரிய ஹோட்டல்கள் உண்டு. வயதானவர்கள் கூட வந்தால் இதுதான் பொருத்தம். கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீரூற்றும் பெரிய செலவில்லாமல் பார்க்கக்கூடியவை, ஒரு நாள் அதிலேயே போய்விடும். கடல் அமைதியாக இருக்கிற வைகாசி, ஆனி பாருங்கள். ஆடி, ஆவணியில் விலை ஏறும்.

இரவு தங்குகிற அளவுக்குக் காசு சேரவில்லையென்றால் பகல் பயணம் இருக்கிறது. பல ஹோட்டல்கள் மத்தியானச் சாப்பாடும் தடாகமும் சேர்த்து ஒரு நாளுக்கு ஒரு விலை சொல்லும். யாழ்ப்பாணத்திலும் இப்போது அப்படியான ஹோட்டல்கள் உண்டு. காலையில் பஸ் ஏறி, நாள் முழுக்க இருந்துவிட்டு இரவுக்கு வீட்டுக்கு வரலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தடாகம்தானே முக்கியம், அவர்களுக்கு இதுவே காணும்.

அரசாங்க வேலையில் இருப்பவர்கள் தங்களுக்குக் கிடைக்கிற ரயில் வொறண்டை (பயண அனுமதிச் சீட்டை) வீணாக்காதீர்கள். திணைக்களங்களின் சுற்றுலா விடுதிகளையும் விசாரியுங்கள். முதல் இரவுக்கு அது மிக மலிவாகக் கிடைக்கும். ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஸ்டேஷனில் நேரே கேட்டுவிடுங்கள்.

நாட்களை அடுக்குவது

சாதாரண இரவு முதலில், பெரிய இரவு கடைசியில். இதை மாற்றாதீர்கள். பெரிய ஹோட்டலில் இருந்துவிட்டுச் சாதாரண விடுதிக்குப் போனால் பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடும்.

முதல் நாள் விடிய பஸ் ஏறுவோம். முறிகண்டியில் பஸ் நின்றால் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சானும் வாங்கிக்கொள்வோம். மத்தியானத்துக்குப் பிட்டும் முட்டைப் பொரியலும் வாழையிலையில் கட்டிய பார்சல். வான் பிடித்தால் வசதிதான், ஆனால் மூன்று நாள் வான் கூலி ஹோட்டல் காசில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அன்றிரவு தம்புள்ளையில் சாதாரண விடுதி. சுத்தமான கழிப்பறையும் ஃபானும் இருந்தால் போதும்.

இரண்டாம் நாள் காலையிலேயே சிகிரியா. வெளிநாட்டவர் டொலரில் கட்டுகிற நுழைவுச்சீட்டு எங்களுக்கு ரூபாவில் மிகக் குறைவு, இங்கேயும் அடையாள அட்டை வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய கோட்டை, ஏறக்குறைய 1,200 படி. வெயில் ஏறுமுன் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் நோவுள்ளவர்கள் கீழே தண்ணீர்த் தோட்டத்தில் இருக்கலாம். அதுவும் வடிவான இடம்தான்.

பிறகு ஓட்டோவில் ஹோட்டல். அறை தருவது வழமையாக மத்தியானம் இரண்டு மணிக்கு, திருப்பிக் கொடுப்பது அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு. ஆனால் பன்னிரண்டு மணிக்கே போங்கள். பைகளை வரவேற்பில் கொடுத்துவிட்டுத் தடாகத்தில் இருக்கலாமா என்று முதல் நாளே போன் பண்ணிக் கேட்டால், பெரும்பாலும் சரி என்பார்கள். ஒரே இரவுக் காசுக்கு முழுதாக இருபத்துநான்கு மணித்தியாலம் கிடைக்கும். ஓட்டோவில் வாசலுக்குப் போவதில் கூச்சம் வேண்டாம். காவலாளி கேட்டால் போனில் இருக்கிற பதிவைக் காட்டுங்கள், கதவு திறப்பார்.

எங்கள் கணக்கு ஏறக்குறைய இப்படி நிற்கும். ஹோட்டல், வரியெல்லாம் சேர்த்து எழுபத்தோராயிரம். விடுதி ஒன்பதாயிரம். பஸ் போக வர எட்டாயிரம். ஓட்டோ எட்டாயிரம். வழிச் சாப்பாடும் நுழைவுச்சீட்டும் ஒன்பதாயிரம். நீச்சல் உடுப்பு ஆறாயிரம். மிச்சம் ஒன்பதாயிரத்தை மாமியின் மருந்துப் பையில் வைத்துவிடுவேன், அவசரத்துக்கு. முதலில் ஹோட்டல் காசை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகவிடாமல் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

உள்ளே போன பிறகு

வரவேற்பில் ஒரு தட்டில் சுருட்டிய குளிர்ந்த துவாலையும் ஒரு குவளை குளிர்பானமும் தருவார்கள். துவாலை முகம், கை துடைக்க. இரண்டும் இலவசம். முற்பணமாகக் கொஞ்சக் காசோ வங்கி அட்டையோ கேட்பார்கள். போகும்போது திருப்பித் தருவது வழமை, பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள்.

அறையில் இரண்டு தண்ணீர்ப் போத்தல் இலவசமாக வைத்திருப்பார்கள். சிறிய குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கிற சோடா, சொக்கலேற் இலவசமல்ல. பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்குமுன்னே சொல்லிவிடுங்கள். கேத்திலும் தேயிலையும் சீனியும் இருக்கும், எத்தனை தரமும் தேத்தண்ணி போடலாம். உடுப்புத் தோய்க்கக் கொடுக்காதீர்கள், ஒரு சட்டைக்குக் கேட்கிற விலையில் ஊரில் புதுச்சட்டையே எடுக்கலாம்.

நீச்சல் உடுப்பு விஷயம் முக்கியம். பல ஹோட்டல்களில் பருத்தி உடுப்போடு தடாகத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலோன் அல்லது லைக்ரா வேண்டும். நாங்கள் பெண்கள் முழுக்கை மேற்சட்டையும் கணுக்கால் வரை நீளக் காற்சட்டையும் லைக்ராவில் எடுக்கிறோம். அதோடு எந்தக் கூச்சமும் இல்லாமல் இறங்கலாம். ஹோட்டலுக்குள் இருக்கிற கடையில் வாங்கினால் விலை கூட, ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். தடாகத்தின் ஆழம் எழுதியிருக்கிற பக்கத்தைப் பார்த்து, பிள்ளைகளைக் கை எட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள்.

இரவுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்தவுடன் தட்டை நிரப்பாதீர்கள். முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று நடந்து என்னென்ன இருக்கிறதென்று பாருங்கள். சோறும் பருப்பும் வீட்டில் இருக்கிறது, அதை அங்கே எடுக்க வேண்டாம். சுட்ட மீன், இறால், முன்னால் நின்று செய்து தருகிற சாப்பாடு, இனிப்பு வகைகள்: இவற்றைச் சிறுகச் சிறுகப் பல தரம் எடுங்கள். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் சமையற்காரர் தனியாகவே செய்து தருவார். மாமி விரதகாரி, அந்த ஆட்கள் அவருக்கென்று ஒரு கத்தரிக்காய்க் கறி செய்து மேசைக்கே கொண்டுவந்து, ‘அம்மா, உறைப்புக் காணுமா’ என்று நின்று கேட்டார்கள். காலையில் முட்டை அப்பம் சுடுகிற இடத்தில் வரிசை வருமுன் போய்விடுங்கள்.

சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் இருப்பதால் ‘சந்தோஷம்’ (டிப்ஸ்) கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. அறையைத் துப்புரவாக்குகிறவருக்கு மட்டும் நாங்கள் ஏதாவது வைத்துவிட்டு வருவோம். அந்த வேலை எவ்வளவு கஷ்டமென்று எங்களுக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு அறையைக் கொடுக்கும்போது பில்லை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். எழுத்தில் வாங்கிய தொகையை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். எடுக்காத சோடா, குடிக்காத தண்ணீர் இருந்தால் அமைதியாகக் கேளுங்கள், அந்த இடத்திலேயே வெட்டித் தருவார்கள். கொடுத்த முற்பணத்தைத் திரும்ப எண்ணி வாங்குங்கள். அப்படியே அடுத்த வருடம் எந்த மாதம் மலிவாக இருக்குமென்று அந்தப் பிள்ளையிடம் கேட்டு, நேரடி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு ஓட்டோவுக்குச் சொல்லுங்கள். தம்புள்ளையில் யாழ்ப்பாணப் பஸ் கண்டியிலிருந்து நிரம்பி வரும். வயதானவர்களுக்கு இருக்கை வேண்டுமென்றால் முதல் நாளே இருக்கை பதிகிற பஸ்ஸாகப் பாருங்கள்.